கணக்கு டீச்சர்களுக்கென்று ஒரு மேற்படிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருவண்ணாமலை மாவட்டத்தில், அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 22 வருடமாகக் கணக்கு டீச்சர். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் எடுக்கிறேன். பி.எஸ்ஸி., பி.எட். முடித்து வேலைக்கு வந்தேன், வேலையில் இருந்தபடியே அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. முடித்தேன், அப்புறம் எம்.எட். முடித்தேன். இவ்வளவு படித்த பிறகும் என் வகுப்பில் ஒரு பையன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நாங்கள் தினமும் நடத்துகிற கணக்கையே அடிவரை தோண்டிப் படிக்கிற மாதிரி, பள்ளி ஆசிரியர்களுக்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு தமிழ்நாட்டில் வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016ஆம் வருடம். ஒன்பதாம் வகுப்பில் உள்வட்ட மையம், அதாவது முக்கோணத்துக்குள் மூன்று பக்கத்தையும் தொட்டு நிற்கிற வட்டத்தின் மையம், வரையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோண இருசமவெட்டி போட வேண்டும், கவராயத்தை முனையில் வைத்து ஒரு வில், அந்த வில் வெட்டிய இடங்களிலிருந்து இரண்டு வில், அவை சந்திக்கும் புள்ளியைச் சேர்த்தால் கோணம் சரிபாதி. எல்லோரும் வரைந்துவிட்டார்கள். கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில் ஒரு பையன் மட்டும் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தான். போய்ப் பார்த்தால், 60 டிகிரி கோணம் ஒன்றை வரைந்து, அதன் இரண்டு கைகளிலும் முனையிலிருந்து சம தூரத்தில் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளைச் சேர்த்த கோட்டை ஸ்கேலால் மூன்று சம துண்டாகப் பிரித்து, பிரித்த இடங்களை முனையோடு சேர்த்திருந்தான். கோணத்தை மூன்றாகப் பிரித்துவிட்டதாக அவன் நினைப்பு. கோணமானியை வைத்து அளந்து பக்கத்திலேயே எழுதியும் வைத்திருந்தான்: 19, 22, 19. "டீச்சர், கோட்டைச் சரியாத்தான் பிரிச்சேன், நடுவுல மட்டும் ஏன் பெருசா வருது? மூணாப் பிரிக்க என்ன வழி?" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது சிலபஸ்ல இல்லப்பா, முதல்ல இந்தக் கணக்கை முடி." அவன் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு உள்வட்ட மையம் வரைய ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, எங்கள் தெருவில் ஆசிரியர் வேலைக்கான டி.ஆர்.பி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுக்கலாமென்று பரணில் கிடந்த எம்.எஸ்ஸி. புத்தகங்களை இறக்கினேன். இயற்கணிதப் புத்தகத்தைத் தூசி தட்டிப் புரட்டினால், நானே பென்சிலால் அடிக்கோடு போட்ட பக்கம் ஒன்று. 60 டிகிரி கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு மூன்று சமமாகப் பிரிக்கவே முடியாது என்ற தேற்றம். ஓரத்தில் 'முக்கியம், 10 மார்க்' என்று என் கையெழுத்து. அதாவது அந்தப் பையன் கேட்ட கேள்விக்கான பதிலை நான் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, பாஸும் ஆகியிருக்கிறேன். வகுப்பில் அவன் நோட்டைப் பார்த்தபோது அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. புத்தகத்தில் இருந்தது ஆங்கிலத்தில் இருந்த ஒரு தேற்றம், பையன் நோட்டில் இருந்தது பென்சில் கோடு. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானாகவும் யோசித்ததில்லை. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

இப்போது கேட்டால் சொல்வேன். நடுத் துண்டு முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஓரத் துண்டுகள் தள்ளிச் சாய்ந்து இருக்கின்றன. ஒரே உயரமுள்ள மரம் பக்கத்தில் நின்றால் பெரிதாகத் தெரிவது போல, ஒரே நீளமுள்ள கோடு பக்கத்தில் இருந்தால் அது அடைக்கிற கோணமும் பெரிது. இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாராளமாகப் புரியும். அப்புறம், கவராயத்தாலும் அளவுகோலாலும் எவ்வளவு வரைந்தாலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் இவற்றால் கிடைக்கிற நீளங்களைத்தான் தொட முடியும். 20 டிகிரியின் கொசைனோ ஒரு முப்படிச் சமன்பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது, வர்க்கமூலத்தின் மேல் வர்க்கமூலமாக எத்தனை அடுக்கினாலும் அது பிடிபடாது. இந்தச் சமன்பாடு எங்கிருந்து வருகிறது என்றால், மும்மடங்குக் கோணத்துக்குப் பிளஸ் ஒன்னில் ஒரு சூத்திரம் படிக்கிறார்களே, அதில் மும்மடங்குக் கோணத்தின் இடத்தில் 60 டிகிரியைப் போட்டால் வந்துவிடும். கிரேக்கர்கள் காலத்திலிருந்து இரண்டாயிரம் வருடம் பெரிய பெரிய ஆட்களெல்லாம் முட்டி மோதிய கேள்வி அது, 1837ல்தான் வான்ட்ஸெல் என்ற பிரெஞ்சுக்காரர் முடியாது என்று நிரூபித்தார். "தம்பி, நீ கேட்டது அவ்வளவு பெரிய கேள்வி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதை என் ஒருத்தியின் குறை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் எனக்குத் தெரிந்த கணக்கு ஆசிரியர்கள் பெரும்பாலும் இதே வழியில்தான் படித்து வந்தவர்கள்.

எம்.எஸ்ஸி. எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். பணம் கட்டினால் வீட்டுக்குப் பார்சலில் புத்தகக் கட்டு வரும். மே மாதம் பத்து நாள் கான்டாக்ட் கிளாஸ். ஒரு பேப்பருக்கு ஒரு நாளோ ஒன்றரை நாளோதான், அதில் மெய்ப் பகுப்பாய்வை முழுதாக யார் நடத்த முடியும்? வந்த பேராசிரியர் பாவம், முக்கியமான கேள்விகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இரண்டு தேற்றத்தை மட்டும் போர்டில் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். நாங்கள் ஐந்து வருடக் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, ராத்திரி பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு, தேற்றங்களைச் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்தோம். பாஸ் ஆனோம். பட்டம் வந்தது, சம்பளத்தில் இன்சென்டிவ் ஏறியது. வகுப்பறையில் ஒரு மாற்றமும் இல்லை.

எம்.எட். இதற்கு நேர் எதிர். கல்வித் தத்துவம் இருந்தது, உளவியல் இருந்தது, ஆராய்ச்சி முறையியல் இருந்தது, கணக்கு மட்டும் மருந்துக்கும் இல்லை. ஆய்வேடு எழுத வேண்டும் என்றார்கள். 300 பிள்ளைகளிடம் கணிதத்தின் மீதான மனப்பாங்கு பற்றி வினாத்தாள் கொடுத்து, ஆண் பெண், கிராமம் நகரம் என்று பிரித்து, டி-டெஸ்ட் என்கிற புள்ளியியல் சோதனை போட்டு, 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று எழுதி, கறுப்பு அட்டை போட்டு பைண்டு பண்ணிக் கொடுத்தேன். அதே வாரம் என் மேசையில் ஏழாம் வகுப்பு விடைத்தாள் கட்டு கிடந்தது. முக்காலோடு அரையைக் கூட்டினால் ஆறில் நான்கு என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள், மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி. முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் முக்காலை விடக் குறைகிறதே என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? ஆராய்ச்சி செய்ய வேண்டியது அதைத்தான். நானோ சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

ஆக, கணக்கு இருக்கிற படிப்பில் பள்ளிக்கூடம் இல்லை, பள்ளிக்கூடம் இருக்கிற படிப்பில் கணக்கு இல்லை. இரண்டையும் சேர்க்கிற வேலையை எங்கள் தலையில் விட்டுவிட்டார்கள், அதைச் செய்ய எங்களுக்கு நேரமும் கிடையாது, கை பிடித்துக் காட்ட ஆளும் கிடையாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த பெலிக்ஸ் கிளைன் என்ற பெரிய கணித மேதை 1908லேயே இதைச் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிற மாணவன் பள்ளியில் படித்ததை மறக்க வேண்டியிருக்கிறது, படித்து முடித்து ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பும்போது பல்கலைக்கழகத்தில் படித்ததை மறக்க வேண்டியிருக்கிறது, இரண்டு முறை கயிறு அறுகிறது என்றார். அமெரிக்காவில் கணிதச் சங்கங்கள் கூடி 2012ல் ஒரு பரிந்துரை கொடுத்தன. உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர் ஆக விரும்புகிறவர் பட்டப் படிப்பு அளவுக்குக் கணிதம் படிக்க வேண்டும், பள்ளிக் கணிதத்தையே உயரத்திலிருந்து பார்க்கிற பாடங்கள் குறைந்தது மூன்று அதற்குள் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழகத்தில் கல்வியாளர்களுக்கான கணிதம் என்றே ஓர் எம்.எஸ்ஸி. வைத்திருக்கிறார்கள். இங்கே கேட்டால் எம்.எஸ்ஸி. போ, இல்லை எம்.எட். போ என்கிறார்கள்.

வெறும் பட்டம் மட்டும் போதாது என்பதற்கு இன்னொன்று சொல்ல வேண்டும். லிப்பிங் மா என்பவர் அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரையும் சீன ஆசிரியர்கள் 72 பேரையும் பேட்டி கண்டு 1999ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள்தான். ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும், அதற்கு ஒரு கதைக்கணக்கும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆசிரியர்கள் எல்லோரும் பட்டதாரிகள், அவர்களில் கணக்கைச் சரியாக முடித்தவர்கள் 9 பேர், பொருந்துகிற கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் ஆசிரியர் பயிற்சி படித்தவர்கள், கல்லூரிப் பக்கம் போனதில்லை. 72 பேரும் கணக்கைச் சரியாகப் போட்டார்கள், பத்தில் ஒன்பது பேர் கதையும் சரியாகச் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு என் ஏழாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றே முக்கால் படி அரிசி இருக்கிறது, அரைப்படியால் அளந்தால் எத்தனை தடவை வரும்? சட்டென்று ஒரு பெண் பிள்ளை சொன்னாள், "மூணே கால் டீச்சர்." தலைகீழாக்கிப் பெருக்கிப் பார்த்த இன்னொருத்தி மூன்றரை என்றாள். யார் சொல்வது சரி? முதல் பிள்ளை தப்பாக யோசிக்கவே இல்லை, மூன்று தடவை அளந்த பிறகு கால் படி மீதி நிற்கிறது, அதைத்தான் அவள் கண்ணால் பார்த்துச் சொன்னாள். அந்தக் கால் படி என்பது அரைப்படியில் பாதி, ஆகவே அது பாதித் தடவை. எதை ஒன்று என்று வைத்துக்கொள்கிறோம் என்பது அந்த இடத்தில் மாறிவிடுகிறது, பின்னத்தில் இருக்கிற சிக்கல் முழுக்க அதில்தான். மறுநாள் வீட்டிலிருந்து படியும் அரைப்படியும் கொண்டு போய் அளந்து காட்டினேன். வேலைக்கு வந்து பதினெட்டு வருடம் கழித்துத்தான் பின்ன வகுத்தலை நான் சரியாக நடத்தினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன், அதுவரை 'திருப்பிப் போட்டுப் பெருக்கு' அவ்வளவுதான்.

நான் கேட்கிற படிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும். மேல் கணிதம் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, அது எனக்கு உயிர். ஆனால் ஒவ்வொரு பாடமும் எங்கள் வகுப்பிலிருந்து கிளம்பி மேலே போய்த் திரும்பவும் வகுப்புக்கே வந்து இறங்க வேண்டும். பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் வைத்திருக்கிறார்கள், கடிகாரத்தைக் காட்டி ஆரம்பித்து இரண்டே நாளில் முடித்துவிடுகிறோம். அங்கிருந்து குலம், வளையம், களம் என்கிற மேல் கணித அமைப்புகளுக்கு ஆசிரியரை அழைத்துக்கொண்டு போனால், மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று ஏழாம் வகுப்பில் கேட்கிறார்களே, அதற்கும் பதில் கிடைத்துவிடும், கூட்டிவிட்டுப் பெருக்கினாலும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டினாலும் ஒன்றே என்கிற பங்கீட்டு விதி கெட்டுப்போகாமல் இருக்க வேறு வழியே இல்லாததால் வந்தது. புள்ளியியல், நிகழ்தகவு இரண்டிலும் எங்களில் நிறையப் பேர் வீக், கல்லூரியில் பட்டும் படாமலும் படித்தது. திட்ட விலக்கம் எதற்கு, விலக்கங்களை ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்று கேட்டால் சூத்திரத்தைத்தான் திரும்பச் சொல்வோம். இதற்கெல்லாம் நேரம் எடுத்துப் பேச வேண்டும். இவை தமிழில் நடக்க வேண்டும் என்பதும் முக்கியம். நான் எம்.எஸ்ஸி. முழுக்க ஆங்கிலத்தில் படித்தேன், குலம், களம் என்ற சொற்களே பிறகு கலைச்சொல் பட்டியலில் பார்த்துத்தான் தெரியும். ஒரு விஷயத்தைத் தமிழில் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்காதவள் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்வாள்?

படிப்பின் மறு பாதி எங்கள் பிள்ளைகளின் விடைத்தாள்களாக இருக்கட்டும். ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு கட்டுத் தாளைக் கொண்டு வர வேண்டும், பத்துப் பேர் உட்கார்ந்து 'இந்தப் பிள்ளை இங்கே என்ன நினைத்து இப்படி எழுதியது' என்று மணிக்கணக்கில் பேச வேண்டும். ஆய்வேடும் அப்படியே. ஒரே பாடத்தை இந்த வருடம் நடத்தி, எங்கே பிள்ளைகள் தடுக்கி விழுந்தார்கள் என்று எழுதிவைத்து, அடுத்த வருடம் மாற்றி நடத்திப் பார்த்து எழுதுவது. டி-டெஸ்ட் வேண்டுமானால் அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

சொல்லித்தர ஆளா இல்லை? 1962ல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் தரமணியில் இருக்கிறது, சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமானுஜன் பெயரிலேயே உயராய்வு நிறுவனம் இருக்கிறது. உலகத் தரத்தில் கணிதம் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆசிரியர் கல்விக்கென்று 2008ல் தனிப் பல்கலைக்கழகமே தொடங்கியிருக்கிறோம். பெரும்பாலான மாவட்டங்களில் ஆசிரியர் பயிற்சி நிறுவனக் கட்டடங்கள் இருக்கின்றன. சனிக்கிழமைகளிலும் மே மாதத்திலும் இவர்களை ஓர் இடத்தில் உட்காரவைத்தால் போதும். அப்புறம் நம் ஊருக்கு இதில் ஒரு மரபும் இருக்கிறது. சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்தார், காகிதத்தை மடித்தும் வெட்டியும் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965ல் தொடங்கியது, அதுவும் சென்னையில்தான். ஒரு பள்ளி வாத்தியாருக்கு எவ்வளவு ஆழம் இருக்க முடியும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

இனி ஆசிரியராக வரப்போகிற பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னிடம் படித்து பி.எஸ்ஸி. கணிதம் முடித்த பெண் ஒருத்தி போன ஜூன் மாதம் வீட்டுக்கு வந்தாள். "மேடம், முதல்ல எம்.எஸ்ஸி.யா, பி.எட்.டா?" என்று கேட்டாள். 2015லிருந்து பி.எட். இரண்டு வருடம் ஆகிவிட்டது, ஆகவே மூன்றும் இரண்டும் இரண்டும் ஏழு வருடம், அதற்கு மேல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, டி.ஆர்.பி. என்று காத்திருப்பு. அவள் அப்பா நெசவு வேலை, தம்பி பிளஸ் டூ. ஏழு வருடம் முடிய அவளுக்கு 24, 25 வயது ஆகிவிடும், அதற்குள் கல்யாணப் பேச்சு வந்துவிடும், பாதியில் நிற்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். மைசூரில் மத்திய அரசின் கல்வி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்துகிற மண்டலக் கல்வி நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்து ஆறு வருடத்தில் எம்.எஸ்ஸி.எட். முடிக்கிற ஒருங்கிணைந்த படிப்பு இருக்கிறது, கணிதமும் கற்பித்தலும் ஒன்றாகவே வரும், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அந்த மண்டலத்தில்தான் வருகிறார்கள். அவள் பிளஸ் டூ படிக்கும்போது நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும், எனக்கே அப்போது தெரியாது. எத்தனை பள்ளியில் இதைச் சொல்கிறார்கள்? அந்த மாதிரி ஒன்று ஏன் நம் அரசுக் கல்லூரிகளில் இருக்கக் கூடாது? கடைசியில் அவளிடம் முதலில் பி.எட். முடித்துவிடு, அதில் வருகிற 16 வார டீச்சிங் பிராக்டிஸில் சார்ட் ஒட்டுவதையும் ரெக்கார்டு நோட்டு எழுதுவதையும் விட்டுத்தள்ளி, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி யோசிக்கிறார்கள் என்று பார், எம்.எஸ்ஸி.யை அதற்குப் பிறகு படி, அப்போது படிப்பதெல்லாம் எங்கே உதவும் என்று உனக்கே தெரியும் என்று சொன்னேன். சரியான யோசனைதானா என்று இன்னும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. முன்பெல்லாம் எம்.எஸ்ஸி. முடித்தால் ஒரு இன்சென்டிவ், எம்.எட். முடித்தால் இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு இன்கிரிமென்ட். நானும் வாங்கியிருக்கிறேன். 2020 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பிறகு ஒரே தடவையாக ஒரு தொகை என்று முறை மாறியது. பட்டதாரி ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் 36,400 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 36,900. நடுவில் 500 ரூபாய். எங்கள் பள்ளியில் இப்போது சேர்ந்திருக்கிற இளம் ஆசிரியரிடம் மேலே படியுங்கள் சார் என்று சொன்னால், எதுக்கு மேடம் என்று கேட்கிறார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வகுப்பறையோடு சம்பந்தமில்லாத பட்டங்களுக்கு ஊக்கத்தொகை எதற்கு என்று அரசு கேட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அப்படியானால் வகுப்பறையோடு சம்பந்தமுள்ள படிப்பு ஒன்றைக் கொண்டு வந்து, அதற்காவது அந்த இரண்டு இன்கிரிமென்டைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன்.

முதுகலை ஆசிரியர் தேர்வில் 150 கேள்வி, பாடத்தில் 110, கல்வியியலில் 30, பொது அறிவு 10. ஒரு பிள்ளையின் தப்பான விடையைக் காட்டி இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிற கேள்வி நான் எழுதிய தேர்வில் ஒன்றுகூட இல்லை. இப்போது 2025 செப்டம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எங்கள் ஸ்டாஃப் ரூமில் 50 வயதுக்காரர்கள் கையிலும் டெட் கைடு. ஐந்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் பாக்கி இருப்பவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும், நானும் அதில் வருகிறேன். எழுதுகிறேன், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் கைடில் டிக் போட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், பக்கத்தில் திருத்தாமல் கிடக்கிற தாள்களில் பிள்ளைகள் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

எனக்கு இன்னும் எட்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது. இப்படி ஒரு படிப்பு வருமானால், இன்சென்டிவ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர நான் தயார், என் பள்ளியில் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருவேன். கல்வித் துறையில் இருப்பவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள், கணித நிறுவனங்களில் இருக்கிற பேராசிரியர்களும் படிக்கிறார்கள். ஒரு மாவட்டத்தில், ஒரு மே மாதம், 30 ஆசிரியர்களை வைத்து ஆரம்பித்துப் பார்க்கட்டும். முதல் வகுப்புக்குக் கொண்டு வர என்னிடம் 19, 22, 19 என்ற அந்தக் கோணம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்